உட்கார்ந்து பார்க்காமல் தூக்கிய கை

முடிச்சக்கா எங்கே போனாலும் நாற்காலியில் உடனே உட்கார மாட்டார். முதலில் சாய்மானத்தைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுவார். பிறகு கட்டைவிரலால் இருக்கையின் நடுவில் ஒரு அழுத்து, ஓரத்தில் ஒரு அழுத்து. அதற்குப் பிறகுதான் உட்காருவார். ஆஸ்பத்திரியோ, வங்கியோ, யார் வீட்டுக் கூடமோ, இந்தச் சோதனையிலிருந்து எந்த நாற்காலியும் தப்பியதில்லை. சென்ற ஆண்டு அவர் இறந்தபோது, பார்க்க வந்தவர்களுக்காக வாசலில் போட்டிருந்த வாடகை நாற்காலிகளில் ஒன்று ஆடியது. அதில் உட்கார்ந்த, அவருக்குப் பழக்கமான ஒரு வக்கீல் எழுந்து, ஒரு காகிதத்தை மடித்து அதன் காலுக்கு அடியில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் சீட் தைத்தவர் அவர். ரெக்சினை வெட்டி, பஞ்சின் மேல் இழுத்து, ஓரம் தைத்து முடித்ததும் நூலுக்கு மூன்று முடிச்சுப் போடுவார். மற்றவர்கள் ஒன்றோடு விட்டுவிடுவார்கள். பெயர் அப்படி வந்ததுதான். இன்னொரு பழக்கமும் இருந்தது. தைத்த சீட்டில் தானே ஒரு தரம் உட்கார்ந்து பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டார். ஒரு பஸ்ஸுக்கு ஐம்பத்திரண்டு சீட் என்றால் ஐம்பத்திரண்டு தடவை. மேஸ்திரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தைக்க வந்தாயா, பஸ்ஸில் ஊர் சுற்ற வந்தாயா என்று ஒருநாள் கேட்டார்.

"எட்டு மணி நேரம் ஒருத்தர் இதுல உக்காந்து போகப் போறாரு. நான் எட்டு நொடி உக்காந்தா என்ன கொறஞ்சிடும்?" என்றார் அக்கா. மேஸ்திரி அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அதே பட்டறையில் பெயின்ட் அடித்தவர்தான் அவருடைய கணவர். கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார். வீட்டில் மிஞ்சியது அக்காவும், கணவரின் தங்கையும். நாத்தனாருக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் போயிருந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். புருஷனே போன பிறகு நாத்தனாரை ஏன் நீ பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொந்தக்காரர்கள் நாசூக்காகக் கேட்டார்கள். "நான் எங்க அவளைப் பாத்துக்கிறேன்? அவதான் என்னைப் பாத்துக்கிறா" என்பார் அக்கா. அது பணிவுக்குச் சொன்னது இல்லை. வீட்டில் கடிதம் எழுதுவது, மருந்து நேரம் நினைவூட்டுவது, அக்காவின் வாய்க்குச் சரிக்குச் சரி வாய் கொடுப்பது எல்லாம் நாத்தனார்தான்.

வட்டாரக் கலை அறக்கட்டளைக்கு அக்கா போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு திரை. அறக்கட்டளையின் அரங்கில் நாடகத் திரை நடுவில் கிழிந்து, தைக்க ஆள் தேடினார்கள். அக்கா மூன்று நாள் மேடையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து தைத்தார். மூன்றாம் நாள் மாலை தலைவர் வந்து பார்த்தார். தொழிலில் அவர் பல் டாக்டர். மென்மையான மனிதர், வலிக்காது வலிக்காது என்று சொல்லிச் சொல்லியே பேச்சு முழுக்க அந்த ராகம் வந்துவிட்டவர். வேலை எப்படி என்று கேட்டார். திரை சரியாகிவிட்டது, அரங்கில் இருக்கும் நாற்காலிகள்தான் சரியில்லை என்றார் அக்கா. நாற்பது நிமிஷத்துக்கு மேல் அதில் உட்கார்ந்தவன் நாடகத்தை நினைக்க மாட்டான், முதுகைத்தான் நினைப்பான். டாக்டர் அன்றே ஒன்றில் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தாராம். அடுத்த மாதம் நிர்வாகக் குழுவில் ஒரு இடம் காலியானபோது அக்காவின் பெயரை அவரே முன்மொழிந்தார்.

குழுவில் மொத்தம் ஒன்பது இடம். படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள். அக்கா முதல் வருஷம் வாயே திறக்கவில்லை. இரண்டாவது வருஷம் திறந்தார், பிறகு மூடவில்லை. மட்டமான சாயத்தை ஓவிய வகுப்புக் குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது என்று சண்டை போட்டார். நாடகப் பயிற்சியைப் பட்டறை ஷிப்ட் முடியும் நேரத்துக்கு மாற்ற வைத்தார். பட்டறையிலிருந்து பதினாறு பேர் நடிக்க வந்தார்கள்.

கூட்டம் மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை மாலை, மாடியில். கீழ் அரங்கில் புதன்தோறும் மாலை புதன் குழு பாடும். இருபத்து மூன்று பேர் சேர்ந்து பாடும் குழு அது. கண் தெரியாதவர் ஒருவர், கைத்தடிக்காரர்கள் சிலர், மூட்டு தேய்ந்தவர்கள் சிலர். நாத்தனார் அதில் மூன்றாவது வரிசை, கனத்த குரல். வாரம் முழுக்க அடுத்தவர் எழுதியதைத் திருத்திக்கொண்டிருப்பவருக்கு, தன் வாயிலிருந்து தன் சத்தம் வருவது அந்த இரண்டு மணி நேரம்தான். அதற்காக வெள்ளி முதலே புதனைப் பேசுவார்.

எட்டு வருஷம் கூட்ட நாளில் அக்கா ஒரே மாதிரிதான் செய்தார். நாத்தனாரின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து கீழ் அரங்கில் விடுவார். பிரேக்கைப் போடுவார். பிறகு இருபத்து நான்கு படி ஏறி மாடிக்குப் போவார். கூட்டம் முடிந்ததும் இறங்கி வந்து கூட்டிக்கொண்டு போவார்.

எட்டாவது வருஷம் டாக்டர் ஒரு யோசனை கொண்டுவந்தார். கீழ் அரங்கு தெருவைப் பார்த்தது. அதற்குக் கண்ணாடிச் சுவர் வைத்து ஓவியக் காட்சிக்கூடம் ஆக்கினால், பஸ்ஸுக்கு நிற்பவர்கூட நின்றபடியே படம் பார்க்கலாம். கூடத்துக்குள் கால் வைக்கவே தயங்குகிறவர்களுக்குக் கலை வாசலுக்கு வரும். அப்போது புதன் குழு எங்கே போகும்? மாடியில் பெரிய அறை. உயரமான கூரை, மரத் தரை. பாடினால் குரல் வட்டமிட்டுத் திரும்பும். இருப்பதிலேயே நல்ல அறையை அவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். மனதாரத்தான் சொன்னார். படி ஏற முடியாதவர்களுக்கு லிஃப்ட்.

லிஃப்ட் என்ற அந்தச் சொல் அந்த அறையில் பதினொரு வருஷமாகப் புழங்கிக்கொண்டிருந்தது. குழுவில் இருந்த இன்ஜினியர் போட்ட வரைபடத்தில், மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு சதுரம், அதற்குள் பெருக்கல் குறி. எதிர்கால லிஃப்ட். ஒவ்வொரு வருஷமும் கூட்டக் குறிப்பில் லிஃப்ட் பற்றிப் பேசப்பட்டது, லிஃப்ட் குறித்து விவாதிக்கப்பட்டது, லிஃப்ட் வேலை தொடர்கிறது என்று ஒரு வரி. பேசிப் பேசி, எழுதி எழுதி, அங்கே ஒன்று இருப்பதாகவே எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. அந்தச் சதுரம் இருக்க வேண்டிய இடத்தில் துப்புரவு செய்யும் அம்மா இரண்டு வாளியும் துடைப்பமும் வைத்திருந்தார். அதைத் தாண்டித்தான் எல்லோரும் மாடிக்குப் போனார்கள்.

கொள்கையளவில் சம்மதமா என்று டாக்டர் கேட்டார். ஒன்பது கையும் உயர்ந்தது. முதலில் உயர்ந்த கை முடிச்சக்காவுடையது. நல்ல அறை நாத்தனாருக்குக் கிடைக்கிறது என்ற பெருமை.

இரண்டு வாரம் கழித்துக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பில் முறிவு.

ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாக இரண்டு மாதம். இரண்டு கூட்டம் போயிற்று. வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகும்போது நாத்தனார் பக்கத்தில் உருட்டிக்கொண்டே வந்து அதிகாரம் செய்தார். எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும், வாசல்படியில் எப்படித் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். அக்கா அலுத்துக்கொண்டு ஒரு காலில் நின்றுவிட்டபோது, "ஒத்தக் கால்ல நிக்கிறாங்கன்னு உங்களைப் பத்தி சும்மாவா சொன்னாங்க?" என்றார். தன் வீட்டில் எத்தனை வாசல்படி என்று அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐந்து. பதினேழு வருஷமாக நாத்தனாரின் நாற்காலியை அந்த ஐந்திலும் தூக்கித் தள்ளியவர், ஒன்றைக்கூட எண்ணியதில்லை.

அப்போதுதான் நிர்வாகக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. செயலாளர் அனுப்பியது. அந்த அம்மா ஓய்வுபெற்ற நூலகர். ஒரு காற்புள்ளி தவறினாலும் தாளைத் திரும்ப அடிப்பவர். வரும் புதன்கிழமைக் கூட்டத்தில், கீழ் அரங்கைக் காட்சிக்கூடமாக்க இறுதி ஒப்புதல். மறுவாரமே வேலை தொடங்கும். அடியில் ஒரு குறிப்பு: தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராத உறுப்பினரின் இடம் விதிப்படி காலியாகும் என்பதை வருத்தத்துடன் நினைவூட்டுகிறோம்.

நாத்தனார்தான் சத்தமாகப் படித்துக் காட்டினார். படித்து முடித்து, தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்ல அண்ணி. நல்லா அடிச்சிருக்காங்க."

நாத்தனார் தாளை மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்களுக்கு மாடி ரூம் குடுக்குறீங்களாமே. ரொம்ப சந்தோஷம். கயிறு விடுவீங்களா, இல்ல நாங்களே கொண்டு வரணுமா?"

லிஃப்ட் வரும் என்று சொல்ல அக்கா வாயெடுத்தார். வாயெடுக்கும்போதே அந்த இரண்டு வாளியும் துடைப்பமும் கண்ணில் வந்து நின்றன. இந்த விஷயம் எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே பாட்டு டீச்சர் சொல்லிவிட்டாராம். புதன் குழுவில் ஒன்பது பேருக்கு அந்தப் படி ஏற முடியாது என்று அவர்கள் எண்ணியும் பார்த்துவிட்டார்களாம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"முதல்ல தூக்கினது உங்க கைன்னு சொன்னாங்க. உங்க கையைப் பத்தி உங்ககிட்டயே நான் என்னத்தச் சொல்ல?" நாத்தனார் கடிதத்தை மடித்தார். பிறகு, வேறு ஏதோ விசாரிப்பதுபோல், "ஆமா, மேல எப்படி அண்ணி இருக்கும்? நீங்க கூட்டம் போடுற ரூமு?" என்று கேட்டார்.

எட்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. கேட்க வேண்டியிருக்கும் என்று அக்காவுக்கும் தோன்றியதில்லை. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு சீட்டையும் உட்கார்ந்து பார்க்காமல் அனுப்பாதவர், இந்த ஒன்றை அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் வாக்கரை எடுத்துத் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினார். அதற்கு மறுநாள் இரண்டு முனை.

புதன்கிழமை இருவரும் ஒரு வாடகை வேனில் போய் இறங்கினார்கள். கீழ் அரங்கில் புதன் குழு ஏற்கெனவே தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தது. நாத்தனார் மூன்றாவது வரிசைக்குப் போனார். அக்கா மாடிப்படியின் அடியில் வந்து நின்று நிமிர்ந்து பார்த்தார். இருபத்து நான்கு. படிக்குப் பக்கத்தில் துடைப்பம். படி ஏறக் கூடாது என்று எலும்பு டாக்டர் தடை போட்டிருந்தார், ஆறு மாதத்துக்கு. அரங்கிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து, ஆட்டிப் பார்த்து, படியை மறித்தாற்போல் போட்டு உட்கார்ந்தார்.

மாடியில் அன்றைக்கு நான்கு பேர்தான். ஓர் இடம் காலி, இருவர் வெளியூர், ஒருவருக்குக் காய்ச்சல். கூட்டம் செல்லுபடியாக ஐந்து பேர் வேண்டும். குழுவில் இருந்த வக்கீல் அக்காவைத் தேடிக்கொண்டு இறங்கி வந்தார். இளைய வயது, விரைவான பேச்சு. அக்கா கட்டடத்துக்குள் வந்துவிட்டதால் வந்ததாகவே கணக்கில் எடுக்கலாம், போனை ஸ்பீக்கரில் போட்டால் மாடியில் எல்லோரும் கேட்பார்கள் என்றார். விதிப் புத்தகத்தில் போன் இருக்கிறதா என்று அக்கா கேட்டார். இல்லை என்று வக்கீலுக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தை எழுதியதே அவர்தான்.

பிறகு இன்ஜினியரும் வந்தார். இரண்டு பேர் சேர்ந்தால் நாற்காலியோடு மெதுவாகத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், ஒரு ஆட்டம்கூடத் தெரியாது என்றார். சட்டைக் கையை மடிக்கவும் தொடங்கிவிட்டார்.

"என்னை ஒருநாள் தூக்கிடுவீங்க தம்பி. அதோ அங்க ஒம்பது பேர் இருக்காங்க. வாராவாரம் வந்து தூக்குவீங்களா?"

இன்ஜினியரின் கை மடித்த இடத்திலேயே நின்றது. அவர் பார்வை படிக்குப் பக்கத்தில் போயிற்று. வாளியைப் பார்த்தார். பதினொரு வருஷம் முன்னால் தான் போட்ட சதுரத்தைப் பார்த்த மாதிரி இருந்தது அது.

"அப்ப என்னதான்கா பண்றது?" என்றார் வக்கீல்.

"நீங்க நாலு பேருக்கும் கால் நல்லா இருக்குல்ல. எறங்கி வாங்க."

செயலாளர்தான் முதலில் வந்தார். வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையில் தண்ணீர் ஜாடியுடன். டாக்டர் கடைசியில் வந்தார். முகம் சிவந்திருந்தது. அரங்கின் ஓரத்தில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாட்டு டீச்சரிடம் பத்து நிமிஷம் நிறுத்த முடியுமா என்று டாக்டர் கேட்டார். ஏழு மணி வரைக்கும் இது தங்கள் இடம் என்றும், வேண்டுமானால் காத்திருக்கலாம் என்றும் டீச்சர் சொல்லிவிட்டு, கீபோர்டில் கை வைத்தார். அறக்கட்டளையை நடத்துகிற ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் பாட்டுக் கேட்டார்கள். அவர்களில் மூன்று பேர் அந்தக் குழு பாடி முழுதாகக் கேட்டது அதுவே முதல் தடவை. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கனத்த குரல், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே, எழும்பி வந்தது.

ஏழு மணிக்கு டாக்டர் பேசினார். நான் யாரையும் வெளியே தள்ள நினைக்கவில்லை, நல்ல அறையைக் கொடுக்கத்தான் நினைத்தேன் என்றார். குரலில் அடிபட்ட வருத்தம் இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களையும் யாராவது நினைக்க வேண்டும்தானே என்றார். அதுவும் உண்மைதான்.

"நீங்க நல்லது நினைச்சீங்க டாக்டர். நானும்தான் நினைச்சேன். யாரும் உக்காந்து பாக்கல, அவ்வளவுதான்" என்றார் அக்கா. அவர் தீர்மானம் சின்னது. லிஃப்ட் வந்து, புதன் குழுவின் கடைசி ஆளும் அதில் ஏறி இறங்கிப் பார்க்கும் வரைக்கும் அவர்கள் கீழேயே பாடட்டும். அதுவரைக்கும் நிர்வாகக் குழுவும் கீழேயே கூடட்டும்.

செயலாளர் பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினார். வக்கீல் தூக்கினார். அக்கா தூக்கினார். இன்ஜினியர் எந்தப் பக்கமும் தூக்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பு உண்டா என்று தானே கேட்டு, தானே கை தூக்கினார் டாக்டர். பிறகு, தீர்மானம் நிறைவேறியது என்று அவரே அறிவித்தார். மூன்றுக்கு ஒன்று.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அக்கா மட்டும் எழவில்லை.

"இன்னொண்ணு எழுதணும்மா" என்றார் செயலாளரிடம். "போன தீர்மானத்துக்கு முதல்ல கை தூக்கினது நான்னு எழுதுங்க. உக்காந்து பாக்காமத் தூக்கினேன்னு எழுதுங்க."

கூட்டக் குறிப்பில் அப்படியெல்லாம் எழுதும் வழக்கம் இல்லை என்று செயலாளர் தயங்கினார். வக்கீலைப் பார்த்தார். எழுதக் கூடாது என்று விதி எதுவும் இல்லை என்றார் வக்கீல். செயலாளர் எழுதினார். எண்பத்து மூன்றாம் பக்கம், கீழிருந்து நான்காவது வரி. இப்போதும் இருக்கிறது, காற்புள்ளி உட்பட.

அடுத்த மாதத்திலிருந்து கூட்டத்தின் முதல் பொருள் லிஃப்ட். பேசப்பட்டது என்று எழுத அக்கா விடவில்லை. யாரைப் பார்த்தீர்கள், எந்தத் தேதியில், அவர் என்ன சொன்னார்? இன்ஜினியர் பாதி நாள் முழி பிதுங்கிப் போனார். ஆனால் ஒரு கூட்டம் தவறவில்லை, வாளிகளை எடுத்து வேறிடத்தில் வைத்ததும் அவர்தான். டாக்டர் தன் கண்ணாடிச் சுவரை மறக்கவில்லை. பஸ் நிற்கும் பக்கத்து வெளிச்சுவரில் கண்ணாடிப் பெட்டி வைத்து, மாதம் ஒரு படம் மாட்டினார். முதல் படத்துக்கு ஆணி அடிக்க அக்கா வாக்கரோடு போய் நின்று, கோணல், இன்னும் கோணல் என்று அவரை ஒருவழி பண்ணிவிட்டார்.

லிஃப்ட் வர மூன்றரை வருஷம் ஆயிற்று. வந்த புதன்கிழமை, நிர்வாகக் குழுவின் தீர்மானப்படி புதன் குழுவினர் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். கடைசி ஆள் நாத்தனார். சக்கர நாற்காலி உள்ளே போனதும் அக்காவும் கைத்தடியோடு நுழைந்துகொண்டார். கதவு மூடியது; மேலே திறந்தது.

கூட்டம் நடந்த அறையின் கதவை அக்கா தள்ளித் திறந்துவிட்டார். நீள மேசை. ஒன்பது நாற்காலி. சுவரில் நின்றுபோன கடிகாரம். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. நாத்தனார் வாசலிலிருந்தே ஒரு பிழை விடாமல் பார்த்து முடித்தார்.

"இவ்வளவுதானா அண்ணி?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா எட்டு வருஷம் என்னைக் கீழ விட்டுட்டு வந்தீங்க?"

அக்கா மேசையருகே போய், தான் எட்டு வருஷம் உட்கார்ந்த நாற்காலியின் சாய்மானத்தைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார்.

"இதுவும் ஆடுது" என்றார். "வா, கீழயே போகலாம்."